மர்மக் கதையில் விசுவாசம் எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

உங்கள் மர்ம நாவல்களைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நானும் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சபையின் பொருளாளர் ஆலய அலுவலகத்தில் கொலையுண்டு கிடக்கிறார். கணக்குப் புத்தகத்தில் சில பக்கங்களைக் காணவில்லை. விசாரிக்கும் கதாநாயகிக்கு ஜெபத்தில் ஒரு தரிசனம் கிடைக்க, அந்தப் பக்கங்கள் ஒளித்துவைக்கப்பட்ட இடம் தெரியவருகிறது. சபையில் சிலரிடம் வாசிக்கக் கொடுத்தேன். ஒரு மூத்த சகோதரி, உண்மையும் தூய்மையுமானவற்றையே சிந்தியுங்கள் என்று சொல்லும் பிலிப்பியர் 4:8ஐ எடுத்துக்காட்டி, விசுவாசி கொலையையும் வஞ்சகத்தையும் சிந்தித்துக்கொண்டிருக்கலாமா என்று கேட்டார். இன்னொருவர், கடைசி அத்தியாயத்தில் கொலையாளி மனந்திரும்பினால்தான் அது கிறிஸ்தவ நாவல் என்றார். அப்படி ஓர் அத்தியாயத்தை எழுதியும்விட்டேன், ஆனால் அது ஒட்டவில்லை. தேவன் எல்லாவற்றையும் ஆளுகிறார், முடிவில் நீதி வெல்லும் என்று நம்புகிறவள் எழுதும் கதையில் சஸ்பென்ஸுக்கு இடம் உண்டா என்ற சந்தேகமும் இருக்கிறது.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசிச் சந்தேகத்திலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றுக்கான பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

எஸ்தரின் புத்தகத்தை ஒரு மர்மக் கதை எழுத்தாளரின் கண்ணோடு மறுபடி வாசித்துப் பாருங்கள். அழைக்கப்படாமல் ராஜாவின் முன் போகிறவருக்கு, அவர் பொற்செங்கோலை நீட்டினாலொழிய, மரணம்தான் என்பதை முதலில் நமக்குச் சொல்லிவிடுகிறார்கள். எஸ்தர் போகிறாள், செங்கோல் நீட்டப்படுகிறது, உனக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்கிறார். அவளுடைய யூத ஜனத்தை அழிக்க ராஜாவின் மந்திரி ஆமான் ஆணை பெற்றிருக்கிறான். ஆனாலும் அவள் தன் ஜனத்தின் உயிரைக் கேட்கவில்லை. ஆமானோடு விருந்துக்கு வாருங்கள் என்கிறாள். விருந்தில் மறுபடியும் கேட்கிறார். நாளைக்கும் விருந்துக்கு வாருங்கள் என்கிறாள். ஏன் இந்தத் தாமதம் என்று புத்தகம் விளக்குவதில்லை. ஆனால் அந்த ஒரே இரவுக்குள் ஆமான், எஸ்தரை வளர்த்த மொர்தெகாய்க்காக 50 முழ உயரத்தில் தூக்குமரம் நாட்டுகிறான். ராஜாவுக்குத் தூக்கம் வராமல் நாளாகமப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி வாசிக்கக் கேட்கிறார். மொர்தெகாய் தம் உயிரைக் காப்பாற்றிய செய்தி அதில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலேயே இதன் முடிவைத் தெரிந்துகொண்டவர்களுக்கும் அந்த இரவை வாசிக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. முடிவு தெரியாமலிருப்பதால் மட்டும் சஸ்பென்ஸ் பிறப்பதில்லை. முடிவுக்கு முன்னுள்ள சில மணி நேரத்தில் பயந்துபோன மனிதர்கள் எதைத் தேர்ந்துகொள்வார்கள் என்ற கேள்வியில் அது பிறக்கிறது. தேவன் ஆளுகிறார் என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுவதில்லை.

எபிரெய மூலத்தில் எஸ்தரின் புத்தகம் முழுவதிலும் தேவனுடைய பெயர் ஓரிடத்தில்கூட இல்லை என்பதையும் கவனியுங்கள். வானத்திலிருந்து சத்தம் கேட்பதில்லை, யாருக்கும் தரிசனம் இல்லை. ஓர் அரசனின் தூக்கமின்மையும் ஒரு பழைய பதிவேடும் மட்டுமே இருக்கின்றன. ஆனாலும் சபைகள் அதை வேதத்தின் பகுதியாகவே வாசிக்கின்றன.

இதனால்தான் உங்கள் கதாநாயகியின் தரிசனம் எனக்கு உறுத்துகிறது. துப்பறியும் கதைகளுக்கு 1929இல் பத்து விதிகள் வகுத்தவர் ரொனால்ட் நாக்ஸ். பின்னாளில் விவிலியத்தையே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த கத்தோலிக்கக் குரு. இயற்கைக்கு அப்பாற்பட்ட எதுவும் மர்மத்தை அவிழ்க்கக் கூடாது என்பதும், காரணம் சொல்ல முடியாத உள்ளுணர்வு துப்பறிபவருக்கு உதவக் கூடாது என்பதும் அந்த விதிகளில் அடக்கம். அற்புதங்களை நம்பியவர்தான் இப்படி எழுதினார். மர்மக் கதையில் எழுத்தாளர் வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறார்: கதாநாயகி பார்ப்பதையெல்லாம் உனக்கும் காட்டுவேன், நீயும் முயன்று பார். தரிசனத்தால் முடிச்சை அவிழ்த்தால் அந்த வாக்கை மீறுகிறோம். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையை நம்புகிறவர் தன் வாசகரிடமும் நேர்மையாக இருக்க வேண்டாமா? உங்கள் கதாநாயகி தாராளமாக ஜெபிக்கட்டும். ஜெபித்து எழுந்த பிறகு, முந்தின நாள் அவசரத்தில் பார்க்காமல் விட்ட ரசீதுக் கட்டைப் பொறுமையாக மறுபடி புரட்டட்டும். அந்தக் கட்டு இரண்டாம் அத்தியாயத்திலேயே வாசகரின் கண்ணில் பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி மூத்த சகோதரியின் ஆட்சேபம். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கத்தி எப்படி இறங்கியது என்பதை நாக்கைச் சப்புக்கொட்டி வர்ணிக்கும் கதைகள் ஏராளமாக வருகின்றன. அவற்றை எழுதுவதும் வாசிப்பதும் மனதை மரத்துப்போகச் செய்யும். ஆனால் தீமையை அறிவதும் ரசிப்பதும் ஒன்றல்ல. ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் தம் சுயசரிதையில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். ஜான் ஓ'கானர் என்ற குருவோடு நடந்துபோனபோது, மனிதர்கள் செய்யும் கொடூரங்களைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று செஸ்டர்டன் அசந்துபோகிறார். பிறகு அதே குருவிடம் பேசிக்கொண்டிருந்த இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள், அவர் அறையை விட்டுப் போனதும், பாவம், உலகத்தின் உண்மையான தீமையை அறியாமல் பாதுகாப்பாக வாழ்கிறவர் என்று பேசிக்கொள்கிறார்கள். பாவசங்கீர்த்தனம், அதாவது மக்களின் பாவ அறிக்கை, கேட்கிறவரைவிடத் தீமையை நெருக்கத்தில் அறிந்தவர் யார்? அந்த முரணிலிருந்துதான் பாதர் பிரௌன் என்ற துப்பறியும் குரு பிறந்தார். குற்றவாளியை அவர் வெளியே நின்று ஆராய்வதில்லை. அந்தக் கொலையை நானே எப்படிச் செய்திருப்பேன் என்று, தன் மனதும் அவன் மனதும் ஒன்றாகும் வரை யோசிக்கிறார். தானும் பாவி என்று அறிந்தவரால் மட்டுமே இது முடியும். பிலிப்பியர் 4:8இன் பட்டியல் 'உண்மையுள்ளவைகள்' என்றுதான் ஆரம்பிக்கிறது என்பதைச் சகோதரியிடம் பணிவாக நினைவூட்டுங்கள். மேலும் வாதாட வேண்டாம்.

கடைசி அத்தியாயத்துக்கு வருவோம். அது ஒட்டவில்லை என்று உங்களுக்கே தோன்றியிருக்கிறது. காரணத்தை 2 சாமுவேல் 11ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். போர்வீரன் உரியாவின் மனைவியோடு பாவம் செய்த தாவீது ராஜா, அவனைக் கொல்லச் சொல்லும் நிருபத்தை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்புகிறான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும், சுமந்து போகிறவனுக்குத் தெரியாது. இதைவிடக் கச்சிதமான சஸ்பென்ஸ் காட்சியை நான் வாசித்ததில்லை. கதை சொல்பவர் அந்த அதிகாரத்தின் கடைசி வசனம் வரை கர்த்தரைப் பற்றி வாய் திறப்பதில்லை. பிறகு தீர்க்கதரிசி நாத்தான் வந்து 'நீயே அந்த மனுஷன்' என்கிறான், தாவீது பாவத்தை அறிக்கையிடுகிறான், மன்னிப்பும் கிடைக்கிறது. ஆனால் பட்டயம் அவன் வீட்டை விட்டு நீங்காது என்பதும் அதே மூச்சில் சொல்லப்படுகிறது. உரியா திரும்பி வரவில்லை. 23ஆம் அதிகாரத்தில் தாவீதின் பராக்கிரமசாலிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லும்போது பட்டியலின் கடைசிப் பெயராக ஏத்தியனாகிய உரியா நிற்கிறான். மத்தேயு எழுதிய வம்சவரலாற்றில் சாலொமோனின் தாய் 'உரியாவின் மனைவியாயிருந்தவள்' என்றே குறிப்பிடப்படுகிறாள். கொலையாளி மன்னிக்கப்பட்ட பிறகும் செத்தவனின் பெயரை வேதம் அழித்துவிடவில்லை.

உங்கள் கதையில் பொருளாளர் முதல் பக்கத்தில் பிணமாகக் கிடப்பதோடு சரி, அதன்பின் அவர் வெறும் தடயம். என் கணிப்பில் ஒட்டாமல் போனதற்குக் காரணம் அதுதான். அவர் யாரிடம் கடுமையாகப் பேசினார், காணிக்கையை எண்ணும்போது யாரை உடன் வைத்துக்கொண்டார், கிழிக்கப்பட்ட பக்கங்களில் யாருடைய மானத்தைக் காப்பாற்ற நினைத்தார் என்பதெல்லாம் மற்றவர்களின் பேச்சு வழியாகத் தெரியவரட்டும். கொலையாளி மனந்திரும்ப வேண்டுமானால் மூன்றாம் அத்தியாயத்திலிருந்தே அவனுக்குத் தூக்கம் கெட வேண்டும்; கடைசி அத்தியாயத்தில் போதகர் வந்து நாலு வசனம் சொன்னதும் அழுவதை யாரும் நம்ப மாட்டார்கள். அவன் மனந்திரும்பினாலும் நீதிமன்றம் தன் வேலையைச் செய்யட்டும். முக்கியமாக, பொருளாளரின் மனைவி அவனை மன்னித்ததாக எழுதியே தீர வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்தக் காட்சியை எழுத உட்காரும்போது அவள் என்ன சொல்வாள் என்பது உங்களுக்கே நிச்சயமாகத் தெரியாமல் இருக்கட்டும்.

அன்புடன்.