ஹிட்லர் போன்ற சர்வாதிகாரிகளுக்கு மக்கள் ஆதரவு எப்படிக் கிடைக்கிறது?

நான் ரங்கூன்காரன். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாய் ஓயாமல் பேசிய விஷயம் இது என்பதால் எழுதுகிறேன்.

ஜெர்மனியே திரண்டு ஓட்டுப் போட்டு ஹிட்லரை நாற்காலியில் உட்கார வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. 1932 நவம்பர் தேர்தலில் நாஜிக் கட்சி வாங்கியது 33 சதவீதம்தான். அந்த ஜூலையில் வாங்கியதைவிடக் குறைவு. ஆனால் கம்யூனிஸ்டுகள் வந்துவிடுவார்களோ என்று பயந்த பழமைவாதத் தலைவர்கள், ஹிட்லரை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் இருந்து ஆட்டுவிக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். 1933 ஜனவரி 30 அன்று ஜனாதிபதி ஹிண்டன்பர்க்கே பிரதமர் (சான்ஸலர்) பதவியைக் கொடுத்தார். அமைச்சரவையில் ஹிட்லரோடு சேர்த்து நாஜிகள் மூன்றே பேர். மார்ச் 23-க்குள் நாடாளுமன்றம் சட்டம் போடும் அதிகாரத்தையே அவர் கையில் எழுதிக் கொடுத்துவிட்டது. இத்தாலியிலும் 1922-இல் முசோலினியைக் கூப்பிட்டு ஆட்சியைக் கொடுத்தவர் அரசர்தான்.

கதவைத் திறந்தவர்கள் மேலே இருந்தவர்கள். சரி, கீழே இருந்தவர்கள் ஏன் கைதட்டினார்கள்? அவர்களுக்கு நிஜமாகவே ஒரு காயம் இருந்தது. 1923-இல் பணவீக்கம் சேமிப்பைத் தின்றது. 1932-இல் சுமார் 60 லட்சம் பேருக்கு வேலை இல்லை. அந்தக் காயத்துக்கு மக்கள்தொகையில் ஒரு சதவீதம்கூட இல்லாத யூதர்கள்மேல் நாஜிகள் பழி போட்டார்கள். காயம் உண்மை என்பதால் பழியும் உண்மைபோலத் தோன்றியது.

இதை நான் பர்மாவை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். பர்மாவின் ராணுவத் தளபதி நே வின் தன் ஆட்சிக்கு சோசலிசம் என்று பெயர் வைத்தார், அவரை ஹிட்லரோடு சேர்க்கவில்லை. ஆனால் வந்த வழியைப் பாருங்கள். 1958-இல் கட்சிச் சண்டையில் திணறிய பிரதமர் ஊ நுதான் அவரிடம் ஆட்சியை ஒப்படைத்தார். ராணுவம் ரங்கூன் தெருக்களில் குப்பையை அள்ளியது; விலையைக் கட்டுப்படுத்தியது. பரவாயில்லையே என்று நிறையப் பேருக்குத் தோன்றியது. 1960-இல் தேர்தல் வைத்து இறங்கியவர், 1962 மார்ச் 2 அன்று துப்பாக்கியோடு திரும்பி வந்தார்.

1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. தாத்தா வேலை பார்த்த ஜவுளிக்கடைக்கும் பூட்டு விழுந்தது. எதிர்வீட்டில் ஒரு பர்மிய சயா இருந்தார், பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனிதர். "நாடு இப்போதுதான் நம் கைக்கு வருகிறது" என்று அவர் திண்ணையில் உட்கார்ந்து சந்தோஷமாகச் சொன்னது தாத்தா காதில் விழுந்திருக்கிறது. அப்புறம் இரண்டே மாதம். மே 17 அன்று 50, 100 சாட் (பர்மா பணம்) நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. கள்ளச்சந்தைக்காரனை, வெளிநாட்டு முதலாளியைப் பிடிக்கத்தான் என்றார்கள். அன்று ராத்திரி சயா ஒரு பிஸ்கட் டின்னோடு எங்கள் வீட்டுக்கு வந்தாராம். மகளின் காது குத்துக்குச் சேர்த்த நூறு சாட் நோட்டுகள் அதில் இருந்தன. எங்கே மாற்றுவது என்று கேட்டிருக்கிறார். தாத்தாவுக்கும் தெரியவில்லை.

தாத்தாவுக்கு அவர்மேல் ஏன் கோபம் வரவில்லை என்று சின்ன வயதில் எனக்குப் புரியவே இல்லை. 1930-களில் நெல் விலை விழுந்தபோது கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி வயல் கடனுக்காக, வட்டிக்குக் கொடுத்த நம் தமிழ்ச் செட்டியார்கள் கைக்குப் போனது. சயாவின் அப்பா வயலும் அதில் ஒன்று. "அவன் வீட்டு வயல் போன கதை தெரிந்தவன் நான், அவனை எப்படித் திட்டுவேன்?" என்பார் தாத்தா.