ஸ்பார்க் 3 மில்லிமீட்டரில் நிற்பது ஏன்?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்கு ஆரியங்காவு. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருஷம். புனலூர் ஆக்ரிக்கடையில் (பழைய சாமான் கடை) பழைய 21 இன்ச் கலர் டிவி ஒன்றை வாங்கி, அதன் ஈஎச்டியை (பிக்சர் டியூபுக்கு ஹை வோல்டேஜ் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) கழற்றி ஹை வோல்டேஜ் சர்க்கியூட் கட்டினேன். ஒரு 2என்3055 டிரான்சிஸ்டர், 220 ஓம், 27 ஓம் ரெசிஸ்டர்கள், கோரின் (ஃபெரைட் சட்டத்தின்) வெளிக்காலில் பிரைமரி 10 சுற்று, ஃபீட்பேக் 5 சுற்று. சப்ளைக்கு யூபிஎஸ்ஸில் கழற்றிய 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி. ஸ்பார்க் வருகிறது, ஆனால் 3 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. அரை நிமிஷத்தில் டிரான்சிஸ்டரில் கை வைக்க முடியவில்லை. இரண்டு போய்விட்டன. 24 வோல்ட் கொடுத்துப் பார்க்கவா, இல்லை இசட்விஎஸ் (இரண்டு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி ஓட்டும் சர்க்கியூட்) கட்டட்டுமா? பிக்சர் டியூப் திண்ணையிலேயே கிடக்கிறது, அம்மா சத்தம் போடுகிறார். அதை என்ன செய்ய?

பதில்: தம்பி, 24 வோல்ட் கொடுக்காதீர்கள். மூன்றாவது டிரான்சிஸ்டரும் போகும், அவ்வளவுதான் நடக்கும். உங்கள் சர்க்கியூட்டில் குறைவது வோல்ட் இல்லை. சின்ன ஸ்பார்க், அதிகச் சூடு என்று இரண்டு கோளாறு எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்: பிரைமரி தலைகீழாக இருக்கிறது.

ஈஎச்டி சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி வேலை செய்வதில்லை. டிரான்சிஸ்டர் ஆன் ஆகும்போது கரண்ட் பிரைமரியில் ஏறி, கோரில் சக்தி சேர்கிறது. ஸ்பார்க் வரவேண்டியது அப்போது இல்லை. டிரான்சிஸ்டர் ஆஃப் ஆகிற நொடியில்தான். புளியரை மேட்டில் ஏறி இறங்கிய பழைய அம்பாசிடர் டாக்ஸிகளில் டிஸ்ட்ரிப்யூட்டர் பாயிண்ட் இருந்தது, உங்கள் அப்பாவைக் கேட்டால் தெரியும். பாயிண்ட் மூடியிருக்கையில் காயிலில் கரண்ட் ஓடும், பாயிண்ட் திறந்த கணத்தில் பிளக்கில் பொறி. கரண்டைக் கொடுத்ததற்காக வந்த பொறி இல்லை, வெட்டியதற்காக வந்தது. பாயிண்டுக்குப் பக்கத்தில் விரல் பருமனுக்கு ஒரு கண்டென்சரும் இருக்கும். அது போனால் பொறி மங்கும், பாயிண்ட் கருகும். அந்தக் கண்டென்சரை மறக்காதீர்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

கலர் டிவி ஈஎச்டியின் உள்ளே, அந்தக் கறுப்பு எப்பாக்ஸிக்குள், டயோடுகள் புதைந்திருக்கின்றன. ஆகவே வெளியே வருவது டிசி. ஒரு பக்கம்தான் கரண்ட் விடும். வெட்டும்போது எழும் பெரிய பல்ஸ் அந்த டயோடுக்கு நேர்த்திசையில் வந்தால் முழுசாக வெளியே வரும். பிரைமரியைத் தலைகீழாகச் சுற்றிவிட்டால், டிரான்சிஸ்டர் ஆனில் இருக்கும்போது கிடைக்கிற சின்ன வோல்டேஜ்தான் டயோடு வழியே வெளியேறும். உள்ளே செகண்டரி 2,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பிரைமரி 10. விகிதம் 200. பன்னிரண்டை இருநூறால் பெருக்கினால் 2,400 வோல்ட். அது இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாண்டும், அதற்கு மேல் முக்கினாலும் தாண்டாது. நீங்கள் எழுதிய கணக்கும் அதுதானே?

சரி, வெட்டும்போது எழுந்த பெரிய பல்ஸ் எங்கே போனது? வெளியே வழி இல்லாததால் திரும்பி டிரான்சிஸ்டரின் மண்டையில் இறங்கியது. 2என்3055 கலெக்டர்-எமிட்டருக்கு நடுவே தாங்குவது 60 வோல்ட். 15 ஆம்பியர், 115 வாட் என்று டேட்டாஷீட்டைப் பார்த்து எல்லோரும் அதை யானை என்று நினைக்கிறார்கள். கரண்டில் யானைதான், வோல்டேஜில் இல்லை. டிவியில் அதே இடத்தில் இருந்த பியூ508 தாங்குவது 1,500 வோல்ட். 115 வோல்ட் சப்ளையில் ஓடி, படத்தின் ஒவ்வொரு லைனுக்கும் கலெக்டரில் ஆயிரம் வோல்ட் பக்கம் பார்க்கிற வேலை அதற்கு. செகண்டுக்கு 15,625 தடவை.

ஆகவே முதல் வேலை: பிரைமரியின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றுங்கள். கூடவே ஃபீட்பேக்கின் இரண்டு முனைகளையும் மாற்ற வேண்டும். பிரைமரியை மட்டும் மாற்றினால் ஆஸிலேஷனே (டிரான்சிஸ்டர் தானாக ஆன்-ஆஃப் ஆவது) நின்றுவிடும், பிறகு ‘அண்ணாச்சி சொன்னதைக் கேட்டு இருந்ததும் போச்சு’ என்று எழுதுவீர்கள். நாலு முனையும் மாற வேண்டும்.

மாற்றியதும் பேட்டரியை நேராகக் கொடுக்க வேண்டாம். பேட்டரி பிளஸ்ஸில் பைக் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 21 வாட், ஒன்றை சீரிஸில் போடுங்கள். பல்புக்கு அப்புறம், சர்க்கியூட் பக்கம், 1,000 மைக்ரோஃபேரட் 25 வோல்ட் கண்டென்சர் ஒன்று குறுக்கே. கடையில் எந்த செட்டையும் சீரிஸ் பல்பு இல்லாமல் நான் ஆன் செய்ததில்லை. ஒரு பல்பின் விலையில் எத்தனையோ டிரான்சிஸ்டர்கள் பிழைத்திருக்கின்றன. பல்பு மங்கலாக எரிந்து, கோரிலிருந்து மெல்லிய கீச்சுச் சத்தம் கேட்டால் ஆஸிலேட் ஆகிறது. பல்பு பிரகாசமாக எரிந்து சத்தமே இல்லையென்றால் எங்கோ ஷார்ட், அல்லது பல்பின் கரண்ட் முழுக்க டிரான்சிஸ்டர் வழியே சும்மா ஓடுகிறது. லேசாக எரிந்து சத்தமும் இல்லையென்றால் ஃபீட்பேக்கை மட்டும் திருப்பிப் பாருங்கள். அந்தக் கீச்சுச் சத்தம் உங்கள் வயசுக்குக் கேட்கும். எனக்கு இப்போது கேட்பதில்லை, கடைக்கு வரும் பையனிடம்தான் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து, ரிட்டர்ன் முள் எது என்று சரியாகக் கண்டுபிடித்தீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. தடித்த சிவப்பு வயர் பிளஸ். மைனஸ், அடியில் இருக்கிற பத்து முள்ளில் ஒன்று. மல்டிமீட்டர் காட்டாது, உள்ளே இருக்கிற டயோடுகளைத் திறக்க மீட்டரின் சின்ன பேட்டரிக்குத் தெம்பு போதாது. டிவி போர்டு கையில் இருந்தால் ஈஎச்டி உட்கார்ந்திருந்த இடத்தில் ‘ஏபிஎல்’ என்று அச்சிட்ட முள்ளைத் தேடுங்கள், பெரும்பாலும் அதுதான். போர்டு இல்லையென்றால், சீரிஸ் பல்போடு ஓடவிட்டு, சிவப்பு வயரின் முனையை ஒரு முழ நீள பிவிசி பைப்பின் நுனியில் கட்டி முட்களின் பக்கம் கொண்டுபோங்கள். எந்த முள்ளுக்கு நல்ல தூரத்திலிருந்து கனமாகப் பாய்கிறதோ அது. அந்த முள்ளை பேட்டரி மைனஸோடு இணைத்துவிடுங்கள். இணைக்காமல் விட்டால் ஹை வோல்டேஜ் தனக்கு வழி தேடிக்கொண்டு, உங்கள் பிரைமரி சுற்றுக்கே தாவும். ஃபோகஸ், ஸ்கிரீன் வயர்கள் இரண்டையும் ஒன்றையொன்று தொடாமல், எதன்மேலும் படாமல் ஒதுக்கி வையுங்கள். ஃபோகஸில் மட்டுமே பல ஆயிரம் வோல்ட் இருக்கும்.

இப்போது அந்தக் கண்டென்சர். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் குறுக்கே 0.47 மைக்ரோஃபேரட், 250 வோல்ட் பாலிப்ராப்பிலீன் ஒன்றைப் போடுங்கள். அம்பாசிடர் பாயிண்டுக்கு அது செய்த வேலையையே இங்கேயும் செய்யும்: வெட்டும்போது எழும் வோல்டேஜ் குத்தாக எகிறாமல் வளைந்து ஏறி இறங்கும். கோரில் நீங்கள் போட்டிருக்கும் 10 சுற்றுக்கு, 5 ஆம்பியரில் வெட்டினால், என் கணக்கில் உச்சம் 55 வோல்ட் பக்கம் நிற்கும். 0.22 போட்டால் ஸ்பார்க் நீளும், ஆனால் உச்சம் எழுபதைத் தாண்டும். கை நமநமக்கும், 0.47-லேயே நில்லுங்கள். அதோடு பேஸ்-எமிட்டருக்குக் குறுக்கே ஒரு யூஎஃப்4007, கோடு போட்ட பக்கம் பேஸில். ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் ஃபீட்பேக் சுருள் பேஸை மைனஸுக்கு இழுக்கிறது, 7 வோல்டுக்கு மேல் அந்த ஜங்ஷன் தாங்காது. உடனே சாகாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கெயின் குறைந்து சாகும். ஃபீட்பேக்கையும் ஐந்திலிருந்து மூன்று சுற்றாக்குங்கள். 27 ஓம் 5 வாட்டாக இருக்கட்டும், 220 ஓம் 2 வாட்.

ஹீட் சிங்க்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளங்கை அகலத்துக்கு, துடுப்பு வைத்ததாக, பேஸ்ட் தடவி மாட்டுங்கள். 2என்3055-இன் உடம்பே கலெக்டர், ஆகவே ஹீட் சிங்க்கும் வேறு எதையும் தொடக்கூடாது. பேட்டரி வயரில் 5 ஆம்பியர் ஃபியூஸ்.

இவ்வளவும் சரியாக இருந்தால், ஊசி முனைகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் தாண்டும். அது சுமார் 10 கிலோவோல்ட். டிவியில் இதே ஈஎச்டி 25 கிலோவோல்ட் கொடுத்ததே என்று ஆசைப்படாதீர்கள். அங்கே ஓட்டியது வேறு குதிரை.

இசட்விஎஸ் கட்டலாமா என்றால், கட்டலாம், இப்போது வேண்டாம். அதில் சுருள் இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடுவதால், தலைகீழ்ச் சுற்று என்கிற தொல்லையே கிடையாது, அது ஒரு வசதி. ஆனால் மாஸ்ஃபெட்டின் டிரெயினில் சப்ளையைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல் வரை வோல்டேஜ் ஏறும். 12 வோல்டுக்கு 38. ஐஆர்எஃப்இசட்44என் தாங்கும், 55 வோல்ட் உருப்படி. 24 கொடுத்தால் 75 ஆகிவிடும், அதற்கு 200 வோல்ட் தாங்கும் ஐஆர்எஃப்பி250 வேண்டும். சப்ளை மெதுவாக ஏறினாலோ நடுவில் தொய்ந்தாலோ ஆஸிலேஷன் நின்று, மாஸ்ஃபெட் ஆனிலேயே மாட்டி எரியும். இதெல்லாம் செலவுக் கணக்கு. நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு: அது வெளியே தள்ளுகிற கரண்ட். உங்கள் ஒற்றை டிரான்சிஸ்டரே சதையைச் சுடும். இசட்விஎஸ் அதைவிடப் பல மடங்கு. இதைச் சரியாக ஓட்டி, வெட்டினால்தான் பொறி என்பது கைக்குப் பழகிய பிறகு எழுதுங்கள், படம் போட்டுத் தருகிறேன். மைக்ரோவேவ் அவன் டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது 2,000 வோல்டில் ஆளை விடாத கரண்ட் கொடுக்கும்.

ஆரியங்காவு என்பதால் இன்னொரு விஷயம். உங்கள் கணவாய் வழியாகத்தான் சாரல் எங்கள் செங்கோட்டைக்கு இறங்குகிறது. கலர் டிவி காலத்தில் ஜூன் பிறந்தால் என் மேஜை முழுக்க ஈஎச்டி கேஸ்தான். ‘ஸ்ஸ்’ என்று சத்தம், மழை மண் வாசனை இல்லாத ஒரு காரமான வாசனை, இருட்டில் பார்த்தால் உடம்பில் நீல மயிர். அந்த வாசனை ஓசோன், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஈரம் படிந்த தூசியின் மேல் கரண்ட் ஊர்ந்து கரிக்கோடு போடும். ஒரு தடவை கோடு விழுந்தால் பிறகு வெயில் காலத்திலும் அதே வழியில்தான் ஓடும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்து, முழுசாகக் காய்ந்த பிறகே ஆன் செய்யுங்கள். பலகை மேல் கட்டாதீர்கள். உங்கள் ஊர் மழையில் பலகை இன்சுலேட்டர் இல்லை. அக்ரிலிக் ஷீட் போதும்.

ஓடும்போது ஒரு கை கால்சட்டைப் பையில். மோதிரம், காப்பு, மொபைல் எதுவும் பக்கத்தில் வேண்டாம். வீட்டில் இன்னொரு ஆள் விழித்திருக்கும்போது மட்டும். ஸ்விட்ச் பேட்டரிப் பக்கம், கைக்கு எட்டுகிற இடத்தில். ஆஃப் செய்த பிறகும் சிவப்பு வயரில் மிச்சம் இருக்கும். பைப் நுனியில் கட்டிய இன்னொரு வயரால், மறுமுனை மைனஸில் இருக்க, அதைத் தொட்டுவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும். நான் வேலை கற்ற காலத்தில், ஆசான் டீ குடிக்கப் போன நேரம், ஆஃப் செய்த செட்தானே என்று டியூப் மூடிக்குள் விரலை விட்டேன். ஷாக்கால் எதுவும் ஆகவில்லை. கையை உதறிய வேகத்தில் சேஸிஸ் தகடு மணிக்கட்டில் இறங்கி நாலு தையல்.

அதனால் திண்ணையில் இருக்கிற டியூப். கண்ணாடிக்கு உள்ளும் புறமும் பூசிய கரியால் அது ஒரு பெரிய கண்டென்சர். ஒரு ஸ்குரூடிரைவரில் வயரைக் கட்டி, மறுமுனையை வெளிக் கரிப்பூச்சின் மேல் ஓடுகிற பின்னல் கம்பியில் மாட்டி, நுனியை, சிவப்பு வயரின் ரப்பர் மூடி மாட்டியிருந்த குழியில் வையுங்கள். பத்து நிமிஷம் கழித்து மறுபடி ஒரு தடவை. கண்ணாடிக்குள் ஒளிந்திருப்பது மெல்லத்தான் வெளியே வரும். கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள், அதுதான் முதலில் ஒடியும். உள்ளே வெற்றிடம், ஒடிந்தால் கண்ணாடி சிதறும். காப்பர் காயிலுக்காக உடைக்கவும் வேண்டாம், அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. முகம் கீழே இருக்கும்படி சாக்கின் மேல் வைத்து, சாக்கைச் சுற்றிக் கட்டி, முழுசாகவே ஆக்ரிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அம்மாவிடம் இந்த வாரத்துக்குள் போய்விடும் என்று சொல்லலாம்.