அப்பாவின் நிலக்கடன்: வீட்டை என் பெயருக்கு எழுதி வைக்கலாமா?

கேள்வி: அப்பா விருதுநகரில் பருப்பு மண்டி நடத்தி நன்றாக இருந்தவர். நான்குவழிச் சாலையோரம் நிலம் வாங்கி மனை பிரித்தார். அப்ரூவல் இல்லாததால் 2016-க்குப் பிறகு மனை போகவில்லை. மண்டியை அடமானம் வைத்த வங்கிக் கடன், புரோநோட்டு, செக் என்று எல்லாப் பக்கமும் நெருக்கடி. சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய வீட்டை எனக்கு செட்டில்மெண்ட் எழுதப் போகிறார். அவர் கடனுக்கு மகன் நானும் பொறுப்பா?

பதில்: முதலில் அந்த செட்டில்மெண்டை நிறுத்துங்கள். கடன் கொடுத்தவர்களுக்குக் கிடைக்காமல் செய்ய எழுதும் பத்திரத்தை, சொத்து மாற்றுச் சட்டம் 53-வது பிரிவின்படி அவர்கள் கோர்ட்டில் ரத்து செய்ய வைக்கலாம். எழுதிய இரண்டு வருஷத்துக்குள் திவால் மனு வந்து அப்பா திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டால், இனாமாக எழுதியது நிற்காது. பத்திரச் செலவுதான் மிச்சம்.

உங்கள் பொறுப்புக்கு வருவோம். 2005-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தத்துக்குப் பின் வாங்கிய கடனுக்கு, மகன் என்ற ஒரே காரணத்துக்காக உங்களைப் பிடிக்க முடியாது. ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தாலோ மண்டியில் பங்குதாரராக இருந்தாலோ கதை வேறு. அப்பா காலத்துக்குப் பிறகு அவரிடமிருந்து வரும் சொத்தின் மதிப்பு வரைதான் பொறுப்பு.

புரோநோட்டில் ஒரு விஷயம். கடன் கொடுத்தவர் வந்து, "சும்மா ஆயிரம் ரூபாய் வரவு வைத்து நோட்டுக்குப் பின்னால் ஒரு கையெழுத்து போடுங்க அண்ணாச்சி" என்பார். வழக்குப் போட அவருக்கு இருக்கும் மூன்று வருஷக் கெடு முடிவதற்குள் அப்படிப் போட்டால் அன்றிலிருந்து இன்னொரு மூன்று வருஷம் ஓடும். அப்பா போன்ற பழைய வியாபாரிகள் மரியாதைக்காகப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு நோட்டின் தேதியும் பின்பக்கமும் பார்க்காமல் எந்தக் கையெழுத்தும் வேண்டாம்.

கடனைக் கட்டச் சொல்லி வங்கி 60 நாள் நோட்டீஸ் அனுப்பியிருந்தால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். அதற்கு மேல் மண்டியைக் கையகப்படுத்த நடவடிக்கை எடுத்தால், 45 நாளுக்குள் மதுரை கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வட்டிக் கணக்கையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

மனைகளை செத்த சொத்தாக நினைக்காதீர்கள். பதிவு நின்றது 2016 செப்டம்பரில் வந்த உயர் நீதிமன்றத் தடையால். அந்த வருஷம் அக்டோபர் 20-க்குள் லேஅவுட்டில் ஒரு மனையாவது பதிவாகி விற்றிருந்தால், அப்ரூவல் இல்லாத மனைகளுக்கான 2017 வரன்முறை விதிகளில் வழி உண்டு. விண்ணப்பம் இப்போது வாங்குகிறார்களா என்று டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

எதுவும் சரிவராவிட்டால் ஐ.பி., அதாவது திவால் மனு, போடலாம். ஊரில் தலைகுனிவு என்று அப்பா மறுப்பார். சட்டம் அதைக் குற்றமாகப் பார்ப்பதில்லை. சொத்து கோர்ட் ரிசீவரிடம் போகும். ஆனால் அடமானம் வைத்திருக்கும் வங்கியை அது தடுக்காது. செக் திரும்பிய வழக்கும் அதனால் முடிந்துவிடாது, அதில் இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. அதனால் மனை விற்றுக் கைக்கு வரும் முதல் பணத்தில் அப்பாவிடம் செக் வாங்கியவர்களிடம் பேசி முடியுங்கள்.