அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்: சென்னை நகர மையத்தில் வாடகை வீடு

வாசகர் கேள்விகள் – பதில்கள்

மகளுக்கு ராயப்பேட்டையில் வேலை. மயிலாப்பூர், மந்தைவெளி, திருவல்லிக்கேணி பக்கம் வீடு பார்க்கிறோம். புரோக்கர் காட்டும் வீடுகள் எல்லாமே பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. எதை வைத்து முடிவு செய்வது?
– திருச்சி வாசகி

முதலில் தண்ணீர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். நீங்கள் சொல்லும் மூன்று பகுதிகளும் கடலுக்குப் பக்கம். ஒரே தெருவில்கூட ஒரு வீட்டு போர் தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்கும், நாலு வீடு தள்ளி உப்புக் கரிக்கும். தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது அதே தரம். குளிக்கவும் துவைக்கவும் பயன்படும் தண்ணீரே 2,000-ஐத் தாண்டினால் குழாயும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் பழுதாகும். மீட்டர் இல்லாவிட்டால் பாத்ரூமைப் பாருங்கள். குழாயடியில் வெள்ளைப் படிவு, அடைத்துப்போன ஷவர் துளை, கழிவறைப் பீங்கானில் செம்பழுப்புக் கறை இருந்தால் வேறு சான்று வேண்டாம்.

அடுத்து அளவு. நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது பொதுவான திட்டக் கணக்கு. நான்கு பேர் இருந்தால் 540 லிட்டர். மாடியில் 1,000 லிட்டர் டேங்க் ஒன்று, அதற்கு மூன்று போர்ஷன் என்றால் தினமும் இரண்டு முறையாவது மோட்டார் போட்டாக வேண்டும். மோட்டார் சுவிட்ச் யார் வீட்டுக்குள் இருக்கிறது, அவர்கள் ஊருக்குப் போனால் யார் போடுவார்கள் என்று கேளுங்கள். மெட்ரோ வாட்டர் நேராக சம்ப்பில் விழுகிறதா, வாசலில் அடிபம்பில் பிடித்து மேலே சுமக்க வேண்டுமா என்பதும் முக்கியம். பல தெருக்களில் தண்ணீர் விடியற்காலையில் சிறிது நேரம்தான் வரும். அதனால் வீட்டை ஒருமுறை காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டி வந்தால் 6,000 லிட்டர் லாரி அந்தச் சந்துக்குள் நுழையுமா, அத்தனை தண்ணீரையும் வாங்கிக்கொள்ள சம்ப்பில் இடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். இதையெல்லாம் ஓனரைவிட எதிர்வீட்டில் குடியிருப்பவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

தரைத்தளம் என்றால் மழைக்காலத்தை மனதில் வைத்துச் சுவரைப் பாருங்கள். முழங்கால் உயரம் வரை பெயிண்ட் உப்பி உதிர்ந்திருந்தாலும், அந்த உயரம் வரை மட்டும் புதிதாகப் பூசியிருந்தாலும் தண்ணீர் உள்ளே வந்திருக்கக்கூடும். 2021 நவம்பர் மழையில் தி.நகரின் பெரிய சாலைகளே மூழ்கின. தெரு சமீபத்தில் உயர்த்திப் போடப்பட்டு வீட்டு வாசல் பள்ளமாகியிருந்தால், கழிவுநீர் வெளியே போவதற்குப் பதிலாகக் கழிவறை வழியே உள்ளே திரும்பும். மின்சார மீட்டர் போர்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

வண்டி இருந்தால் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு முறை போய், நிறுத்த இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மயிலாப்பூரில் மெட்ரோ ரயில் இரண்டாம் கட்ட வேலைக்காகப் பாதைகள் மாற்றி விடப்பட்டதால் பஸ் நிறுத்தங்களும் இடம் மாறியிருக்கலாம். மகள் அலுவலகம் போகும் வழியை ஒரு வேலை நாள் காலையில் போய்ப் பார்ப்பது நல்லது. மாடவீதிகளில் வீடு எடுத்தால் பங்குனித் திருவிழா நாட்களில், முக்கியமாக அறுபத்துமூவர் அன்று, வண்டி உள்ளே வராது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

வாடகை 18,000 ரூபாய். பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே?
– மதுரை வாசகர்

இருக்கிறது, ஆனால் அதில் ஒரு கதவும் திறந்திருக்கிறது. 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அந்த ஒப்பந்தம் செல்லும். பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்னால். மூன்று மாதத்தில் தொடங்கி ஐந்தில் முடியுங்கள். பத்துதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், கூடுதலாகக் கொடுக்கும் தொகைக்கு ஈடாக வாடகையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

தொகையைவிட அது திரும்பி வருவதில்தான் அதிகம் பேர் அவதிப்படுகிறார்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக மீதியைத் தர வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் பல ஓனர்கள், அடுத்து வருபவர் தரும் அட்வான்ஸிலிருந்துதான் உங்களுக்குக் கொடுப்பார்கள். ஆகவே “சாவி ஒப்படைக்கும் நாளில் வங்கிக் கணக்குக்குத் திருப்பித் தரப்படும்” என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

பெயிண்டிங் பிடித்தம் இன்னொரு தலைவலி. எழுத்தில் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் ஓனர் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. “ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்குப் பிடித்தம்” என்று அச்சடித்த படிவத்தில் ஏற்கெனவே இருக்கும். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். மறுத்தால் “இரண்டு ஆண்டுக்கு மேல் குடியிருந்தால் பிடித்தம் இல்லை” என்றாவது சேர்க்கச் சொல்லுங்கள். குடிபோகும் நாளில் ஒவ்வொரு அறையையும், கதவு, குழாய், ஸ்விட்ச் போர்டு உட்பட, வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்ஆப்பில் அன்றே அனுப்பிவிடுங்கள். தேதியோடு சான்றாக இருக்கும்.

அட்வான்ஸ் திரும்ப வராது என்று பயந்து கடைசி மாதங்களின் வாடகையைக் கொடுக்காமல் கழித்துக்கொள்பவர்கள் உண்டு. ஓனர் எழுத்தில் சம்மதிக்காமல் இதைச் செய்யாதீர்கள். இரண்டு மாத வாடகை பாக்கி என்பதே வீட்டைக் காலி செய்யச் சொல்ல ஒரு காரணம்.

ஓனர் பழக்கமானவர். “அக்ரிமென்ட் எதற்கு, வாய்ப்பேச்சு போதும்” என்கிறார். பெருந்தன்மையாகத்தான் சொல்கிறார். விட்டுவிடலாமா?
– விழுப்புரம் வாசகர்

விடக் கூடாது. புதிய சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாகக் காட்டி ஓனர் வாடகை நீதிமன்றத்தில் வீட்டைக் கேட்க முடியும். அதாவது வாய்ப்பேச்சால் உண்டாகும் ஆபத்து குடியிருப்பவர் தலையில்தான் விழும்.

“11 மாதத்துக்குத்தானே எழுதுகிறோம், பதிவு வேண்டாம்” என்று புரோக்கர் சொல்வார். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற பழைய விதியிலிருந்து வந்த வழக்கம் அது. புதிய சட்டப்படி அரசு நியமித்திருக்கும் வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு தனி. 11 மாதமானாலும் அது உண்டு. tenancy.tn.gov.in என்ற அரசு இணையதளத்தில் ஒப்பந்தத்தையும் இருவரின் அடையாள ஆவணங்களையும் ஏற்றி விண்ணப்பிக்க வேண்டும். ஓனரும் செய்யலாம், நீங்களும் செய்யலாம். கிடைக்கும் பதிவு எண்ணை ஒப்பந்த நகலிலேயே குறித்து வையுங்கள். பின்னால் ஏதாவது தகராறு என்று போனால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கையெழுத்துப் போடுபவர்தான் ஓனரா என்பதையும் பாருங்கள். சொத்துவரி ரசீதிலும் மின் இணைப்பிலும் உள்ள பெயர், அவருடைய ஆதார் பெயர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். தகப்பனார் பெயரிலேயே இன்னும் இருந்தால் வாரிசுகள் எல்லோருடைய சம்மதமும் இருக்கிறதா என்று கேளுங்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணியில் அடிமனை கோயிலுக்கும் கட்டடம் தனியாருக்கும் சொந்தமான வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீடு என்றால் கோயிலுக்குக் கட்டும் அடிமனை வாடகையின் கடைசி ரசீதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மூன்று போர்ஷனுக்கும் ஒரே இ.பி. மீட்டர். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார்கள். இது நியாயமா?
– கும்பகோணம் வாசகி

நியாயமா என்பதற்குக் கணக்குதான் பதில். இரண்டு மாதத்துக்கு ஒரு பில், அதில் முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் அந்தச் சலுகை ஓர் இணைப்புக்கு ஒரு முறைதான். மூன்று போர்ஷனும் 200, 220, 180 யூனிட் எரித்தால் மொத்தம் 600. தனித்தனி இணைப்பாக இருந்தால் ஒவ்வொருவருக்கும் 100 கழிந்து 100, 120, 80 யூனிட்டுக்குக் குறைந்த கட்டண விகிதத்தில் கட்டுவீர்கள். ஒரே இணைப்பில் 100 மட்டும் கழிந்து 500 யூனிட்டுக்குக் கட்ட வேண்டும். அதோடு மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டதால் தொடக்க யூனிட்டுகளுக்கான கட்டண விகிதமும் ஏறிவிடும். எனவே ஓனர் லாபமே வைக்காவிட்டாலும் உங்களுக்குச் செலவு கூடும்.

நிரந்தரத் தீர்வு தனி இணைப்பு. அது முடியாதென்றால் ‘யூனிட்டுக்கு இவ்வளவு’ என்ற பேச்சை விட்டுவிட்டு, வரும் பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் விகிதத்தில் வாங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் பில்லைக் காட்ட வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

குடிபோகும் அன்று சப் மீட்டர் ரீடிங்கைப் படம் எடுங்கள். பிறகு வீட்டில் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரில் துடிக்கும் சிவப்பு விளக்கைப் பத்து நிமிடம் பாருங்கள். துடித்துக்கொண்டே இருந்தால் மாடிப்படி விளக்கோ, பொது மோட்டாரோ, பக்கத்து போர்ஷனின் ஒரு லைனோ உங்கள் கணக்கில் ஓடக்கூடும். எலக்ட்ரீஷியனை வைத்துப் பிரிக்க வேண்டும்.

மந்தைவெளியில் 12 லட்சம் ரூபாய் ‘லீஸ்’. மூன்று ஆண்டுக்கு வாடகையே கிடையாது, முடிந்ததும் முழுத் தொகையும் திரும்ப வரும் என்கிறார்கள். லாபம்தானே?
– சேலம் வாசகர்

கணக்குப் போடுங்கள். 12 லட்சத்துக்கு ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால் 84,000 ரூபாய், மாதம் 7,000. அந்த வீட்டுக்குச் சந்தையில் 18,000 ரூபாய் வாடகை கிடைக்கும் என்றால், மாதம் 11,000 ரூபாயை ஓனர் ஏன் விடுகிறார்? அவருக்கு மொத்தமாகப் பணம் உடனே தேவை. தேவைப்பட்டவர் மூன்று ஆண்டில் 12 லட்சத்தைச் சேர்த்து வைத்திருப்பார் என்று நம்ப இடமில்லை. அடுத்த லீஸ்காரர் வந்தால்தான் உங்கள் பணம் வரும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வங்கிக் கடன். வீடு அடமானத்தில் இருந்து, தவணை நின்றுவிட்டால் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி வீட்டைக் கைப்பற்றி ஏலம் விட முடியும். உங்களுக்கு முன்பே உண்டான அடமானம் என்றால் வங்கியின் உரிமைதான் முதலில் நிற்கும். 12 லட்சத்துக்கு நீங்கள் ஓனர் பின்னால் அலைய வேண்டும். இன்னொரு வகையும் உண்டு. இடைத்தரகர் நிறுவனம் ஓனரிடம் மாத வாடகைக்கு எடுத்து, உங்களிடம் லீஸ் என்று மொத்தத் தொகையை வாங்கிக்கொள்ளும். சில மாதம் கழித்து ஓனருக்கு வாடகை போவது நிற்கும், ஓனர் உங்கள் கதவைத் தட்டுவார். சென்னையில் இப்படிப் பணம் இழந்த குடும்பங்கள் ஏராளம்.

எங்கள் ஆலோசனை: வேண்டாம். தவிர்க்கவே முடியாதென்றால் பதிவுத்துறையின் இணையதளத்தில் 30 ஆண்டு வில்லங்கச் சான்று பாருங்கள். அடமானம், கடனுக்காக ஒப்படைத்த பத்திரம், நீதிமன்ற ஜப்தி எதுவும் இருக்கக் கூடாது. அசல் கிரயப் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் வங்கியில் இருக்கலாம். ஓனரிடம் நேராகப் பேசி, அவர் கணக்குக்கு மட்டுமே பணம் அனுப்பி, சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணத்தைப் பதியுங்கள். பதிவுக்கு ஓனர் தயங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

குழாய் ஒழுகல், வயரிங் கோளாறு இவையெல்லாம் யார் செலவு?
– வேலூர் வாசகி

சுவர், கூரை போன்ற கட்டுமானப் பழுது, குழாய்ப் பாதை மாற்றம், வயரிங் எல்லாம் ஓனர். குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, கீஸர், கழிவறை, வாஷ்பேசின் பழுது, சாக்கடை அடைப்பு எல்லாம் குடியிருப்பவர். ஓனர் தன் பங்கு வேலையைச் செய்ய மறுத்தால் எழுத்தில் கேட்டுவிட்டு, நீங்களே செய்து வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

காலி செய்யச் சொல்லி மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். நான்கு நாளாகத் தண்ணீர் இல்லை. என்ன செய்வது?
– திருவல்லிக்கேணி வாசகி

தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, லிஃப்ட் போன்றவற்றை எந்தத் தகராறுக்காகவும் ஓனர் நிறுத்தக் கூடாது. உடனே வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். விசாரணை முடியும் வரை காத்திருக்காமல் இணைப்பைத் திரும்பக் கொடுக்க இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. மனுவோடு ஒப்பந்தம், பதிவு எண், வறண்ட குழாயின் தேதியிட்ட படங்கள், ஓனருக்கு நீங்கள் அனுப்பிய செய்திகள் ஆகியவற்றை இணையுங்கள். இந்த நாட்களுக்கும் வாடகையை வங்கி மூலம் அனுப்புங்கள். அவர் வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பி, அது திரும்பிய சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மறுத்தால் வாடகை அதிகாரியிடமே செலுத்த வழி இருக்கிறது.