நாற்பத்தொரு வயதில் ஓய்வு – கடிதம்

வணக்கம் ஐயா,

எனக்கு 41 வயது. பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. இப்போது கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் மேலாளராக இருக்கிறேன். இரவு பதினொரு மணிக்கும் மீட்டிங் இருக்கும். பிள்ளைகள் இருவரையும் தூங்கும்போதுதான் பார்க்கிறேன். சின்னவன் பிறந்ததும் மனைவி வேலையை விட்டுவிட்டார். கையில் 7 லட்சம் வெள்ளி (ரிங்கிட்), இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதியில் 5 லட்சம். ஊரில் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வீடு வாங்கிவிட்டேன், கடன் இல்லை. அங்கே போனால் மாதம் 4,000 போதும். ஆண்டுச் செலவுக்கு 25 மடங்கு சேர்ந்தால் வேலையை விடலாம் என்கிறார்கள். அந்த 12 லட்சம் சேர்ந்துவிட்டது. அப்பாவோ, "கை கால் நல்லா இருக்கும்போதே எவனாச்சும் வேலைய விடுவானா?" என்கிறார். நான் சோம்பேறியா?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சோம்பேறி இல்லை. கணக்கைப் பார்ப்போம்.

அந்த 25 மடங்கு, வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல் போட்ட கணக்கிலிருந்து வந்தது. முதல் ஆண்டு சேமிப்பில் 4 விழுக்காடு எடுத்து, அப்புறம் விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனாலும் பணம் 30 ஆண்டு தாங்கும் என்றார். அவர் வைத்துப் பார்த்தது அமெரிக்கப் பங்குகளையும் கடன் பத்திரங்களையும். உங்களுக்கு 30 ஆண்டு முடியும்போது வயது 71தான். அதற்கு மேலும் சாப்பிட வேண்டுமே.

இன்னொன்று, 12 லட்சத்தையும் ஒரே பணமாக எண்ணாதீர்கள். இபிஎஃப் பணத்தில் பெரும்பகுதி 55 வயதுக்கு முன் கைக்கு வராது. 50இல் ஒரு பகுதி எடுக்கலாம். ஆக, அந்த 14 ஆண்டுகளையும் 7 லட்சத்தை வைத்தே ஓட்டியாக வேண்டும். மாதம் 4,000 என்றால் 6 லட்சத்து 72 ஆயிரம். ஏழு லட்சம் வட்டி தரும், விலைவாசி அதைத் தின்னும். இரண்டும் சரிக்குச் சரி என்று வைத்துக்கொண்டால் எப்படியோ தேறுகிறது. இபிஎஃப்பும் அதற்குள் வளர்ந்திருக்கும். 2023க்கு 5.5 விழுக்காடு கொடுத்தார்கள், 2024க்கு 6.3.

ஆனால் அந்த 4,000ஐ என்னால் நம்ப முடியவில்லை. அது நாலு பேர் செலவு. அப்பா அம்மாவின் மருந்து, தங்கச்சி பிள்ளையின் காலேஜ் கட்டணம், சொந்தக்காரர் கல்யாணத்து மொய் எல்லாம் எதில் வருகிறது? நீங்கள் எழுதவில்லை. கோலாலம்பூரில் மேலாளராக இருக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு இவை இல்லாமல் இருக்காது. மாதம் 1,200 என்று வைத்தாலே மொத்தம் 8 லட்சத்து 73 ஆயிரத்தைத் தாண்டிவிடும். கம்பெனி மருத்துவ அட்டை வேறு வேலையோடு போய்விடும்.

சம்பளத்தை நம்பியே வாழ்வதிலிருந்து விடுதலையை நம்மவர்கள் தனித்தனியாகத் தேடியவர்கள் இல்லை. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்க, சனங்கள் வேலையையும் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் சேர்த்தே இழந்தார்கள். நம் ஊர்க்காரர், அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். பால் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டு தோட்டங்களை வாங்கினார்கள்.

உங்கள் அப்பாவின் பயமும் அங்கிருந்து வருவதுதான். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் பட்டை நனைந்து, பால் வெட்டுக் கோட்டில் நிற்காமல் மரத்தோடு வழிந்துவிடும், மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) விழாது. பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கொடுக்க, வந்தவர்கள் திரும்பிப் போவார்கள். அன்றைக்கு வெட்டும் இல்லை, சம்பளமும் இல்லை. அவர் கண்ட ஓய்வு அது. வேலை நின்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதையும் கண்டவர். தாமான் வீட்டுக் கிராண்டை (பட்டாவை) அவர் கையில் கொடுத்து உட்கார்ந்து பேசுங்கள்.

நேரத்துக்கு வருவோம். சுங்கை சிப்புட்டில் சும்மா இருப்பவனை யாரும் சும்மா விடமாட்டார்கள். தைப்பூசத்துக்குள் கோயில் செயலாளர் ஆகியிருப்பீர்கள். அத்தையை ஈப்போ பைனுன் மருத்துவமனைக்கு யார் கூட்டிப்போவது? "தம்பி வீட்டிலதானே இருக்கு!" காலையில் பார்க்கிங் தேடி, நம்பர் எடுத்து, மருந்து வாங்கி வெளியே வர மதியம் தாண்டிவிடும். உதவித்தொகைப் பாரம் நிரப்ப பக்கத்து வீட்டு அக்கா கைப்பேசியோடு வாசலில் நிற்பார். இதெல்லாம் கெட்டது என்று சொல்லவில்லை, எனக்குப் பிடித்தும் இருக்கிறது. ஆனால் நீங்கள் திட்டமிட்ட ஓய்வு இதுதானா?

கடிதத்தில் மனைவி வேலையை விட்டது ஒரு வரியில் வந்து போகிறது. உங்கள் திட்டத்தைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று இல்லை. வேலையை விட்ட ஆள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார் தம்பி. அவருடைய நேரம் எங்கே போகிறது என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.

இப்போதைக்கு ராஜினாமா வேண்டாம். இரவு மீட்டிங் இல்லாத, சம்பளம் குறைந்த வேலை கிடைத்தாலும் மாறிக்கொள்ளுங்கள். ஓராண்டு மாதம் 5,200இல், சொந்தபந்தச் செலவும் சேர்த்து, குடும்பத்தை நடத்திப் பாருங்கள். சம்பளத்தில் மிஞ்சுவதை அந்த 7 லட்சத்தோடு போடுங்கள். ஆண்டு முடிந்ததும் இருவரும் சேர்ந்து எழுதுங்கள்.