அரை மணியில் நின்றுபோகும் பழைய டிராக்டர்: பம்ப்பை இறக்கலாமா?

கேள்வி: குறிஞ்சிப்பாடி பக்கம் எங்கள் ஊர். முப்பது வருடத்து மாஸி 1035 வைத்திருக்கிறேன். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. கேஜ் வீல் (வயலுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிச் சேறடிக்க இறங்கினால் அரை மணியில் சத்தம் ஏறி இறங்கி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் விட்டால் திரும்ப ஓடுகிறது. டீசல் பம்ப்பை இறக்கச் சொல்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சத்தம் ஏறி இறங்கி நிற்கிற வண்டிக்கு டீசல் போதவில்லை, இல்லையென்றால் லைனில் காற்று பிடித்திருக்கிறது. பம்ப் வேலை என்றால் காசும் நாளும் போகும். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

அடுத்த முறை நின்றதும் வேறு எதையும் தொடாமல் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, உடனே வண்டியும் ஸ்டார்ட் ஆனால் கோளாறு மூடியில்தான். மூடியில் உள்ள காற்றுத் துளை சேறும் தூசியும் ஏறி அடைத்திருக்கும். டீசல் இறங்க இறங்க டேங்க்கில் வெற்றிடமாகி, லைனுக்கு டீசல் வராது. பத்து நிமிடத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடுவதால் மறுபடி ஓடுகிறது. மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி, மூடியை டீசலில் அலசினால் வேலை முடிந்தது.

மூடி சுத்தமாக இருந்தால், டேங்க்கிலிருந்து டீசலை இழுத்துத் தள்ளும் சின்ன ஃபீட் பம்ப்புக்கு வரும் பைப்பைக் கழற்றிப் பாட்டிலில் பிடியுங்கள். டேங்க் மேலே இருப்பதால் டீசல் தாராளமாகக் கொட்ட வேண்டும். சொட்டினால் டேங்க்கில் டீசல் வெளியேறும் வாயில் துரு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அரை டேங்க்கோடு நிறுத்தி வைக்கும் வண்டிகளில் ஈரம் உள்ளே நீராகத் தங்கித் துருப்பிடிப்பது நம் கடலோரத்தில் சகஜம். கம்பி விட்டுக் குத்தினால் ஒரு வாரம்தான் தாங்கும். டேங்க்கை முழுக்க வடித்துக் கழுவுங்கள். இரண்டு ஃபில்டரையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள், ரப்பர் வளையம் உட்பட. பழைய வளையம்தான் பல வண்டிகளில் காற்றை இழுக்கிறது. கழற்றிய பைப்புகளின் செப்பு வாஷரையும் புதிதாகப் போடுங்கள்.

அப்புறம் ஏர் எடுக்க வேண்டும், அதாவது லைனில் உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்ப்பின் கை நெம்பை அடியுங்கள். நெம்பு கனமே இல்லாமல் ஆடினால் எஞ்சினில் அதை இயக்கும் கேம் தூக்கிய நிலையில் நிற்கிறது; எஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு அடியுங்கள். நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் இறுக்கி, டீசல் பம்ப்பில் உள்ள இரண்டு ஏர் ஸ்க்ரூவிலும் இதையே செய்யுங்கள்: முதலில் பக்கவாட்டில் உள்ளது, பிறகு மேலே உள்ளது. கடைசியாக, எஞ்சினுக்குள் டீசல் பீய்ச்சும் நாசில்களில் இரண்டின் பைப் நட்டைத் தளர்த்தி, ஆக்சிலரேட்டரை முழுக்க வைத்து செல்ஃப் அடியுங்கள். டீசல் பீய்ச்சும் இடத்தில் கையை வைக்காதீர்கள், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் சூட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால், எஞ்சின் நின்றிருக்கும்போது டீசல் பம்ப் மேல் ஈரச் சாக்கைப் போடுங்கள். பம்ப் குளிர்ந்ததும் ஸ்டார்ட் ஆனால் உள்ளே சுழலும் ரோட்டர் தேய்ந்திருக்கிறது. மெக்கானிக் சொன்னது சரி, இறக்கிவிடலாம். ஓடும் வண்டியில் பம்ப்புக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ரோட்டர் பிடித்துக்கொள்ளும்.

எஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் கம்பியையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அளவு ஏறி டீசல் வாடை அடித்தால் ஃபீட் பம்ப் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். அதை மாற்றி, எஞ்சின் ஆயிலும் புதிதாக ஊற்றும்வரை வண்டியை ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும்.