இரண்டு பேருக்குச் சாப்பிட முடியவில்லையே, டாக்டர்!

கேள்வி: வயது 29. பத்து மாதத்துக்கு முன் எடை குறைக்க கேஸ்ட்ரிக் பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைக்கும்) ஆபரேஷன் செய்துகொண்டேன். ஒன்றரை வருடம் கழித்துத்தான் குழந்தை என்றார்கள். கருத்தடை மாத்திரை போட்டும் இப்போது இரண்டு மாதக் கர்ப்பம். நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை, மாமியாரோ “ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்” என்கிறார். குழந்தைக்குச் சத்து போய்ச் சேருமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: பயத்தில் எந்த முடிவும் எடுத்துவிடாதீர்கள். 12 முதல் 18 மாதம் பொறுக்கச் சொல்வது, எடை வேகமாக இறங்கும்போது உடம்பில் சத்து இருப்பு குறைவாக இருக்கும், குழந்தையும் எடை குறைந்து பிறக்கலாம் என்பதால்தான். அதற்குள் கர்ப்பமானால் கலைக்க வேண்டும் என்று அர்த்தமில்லை, கண்காணிப்பு கூடுதலாகத் தேவை, அவ்வளவுதான். பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உடம்பில் சேராமல் போகலாம், எடை குறைந்ததும் கருமுட்டையும் ஒழுங்காக வெளிவரத் தொடங்கிவிடும். இதை ஆபரேஷனுக்கு முன்பே யாராவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்!

மாமியாரிடம் சொல்லுங்கள், அளவு முக்கியமில்லை, வரிசைதான் முக்கியம். தட்டில் முட்டை, மீன், சுண்டல், பனீர் எது இருந்தாலும் அதை முதலில் சாப்பிட்டுவிட்டு, இடமிருந்தால் சோறு. ஒரு நாளைக்கு குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும், ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்பதால் ஐந்தாறு வேளையாகப் பிரித்தால்தான் கணக்கு சரிவரும். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடையில் குடியுங்கள். ரத்தம் ஊறும் என்று ஆட்டு ஈரல் கொடுப்பார்கள், அது மட்டும் வேண்டாம். அதிலுள்ள அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ கருவுக்கு ஆகாது.

எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும் சத்து மாத்திரை இல்லாமல் உங்களுக்குச் சரிவராது. ஃபோலிக் ஆசிட், இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பி12 எல்லாம் தேவை, பி12 ஊசியாகவும் போடலாம். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இரும்பு மாத்திரைக்குக் காபி துணை வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனையில் இந்த அளவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள். பைபாஸ் ஆனவர்களுக்கு அது படபடப்பு, வியர்வை, மயக்கம் வரை கொண்டுபோகும். ஆபரேஷன் விவரத்தைச் சொல்லி, அதற்குப் பதில் 24 முதல் 28 வாரத்துக்குள் ஒரு வாரம் வீட்டிலேயே விரலில் குத்திப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

வாந்தி விடாமல் இருந்தால் மசக்கைதானே என்று விட்டுவிடாதீர்கள், வைட்டமின் பி1 குறைந்து நரம்பையும் மூளையையும் பாதிக்கும். குளுக்கோஸ் டிரிப் ஏற்றுவதற்கு முன் பி1 ஊசி போடச் சொல்லுங்கள். எந்த மாதத்திலும் கடுமையான வயிற்றுவலி வந்தால், குடல் உள்ளே சிக்கியிருக்கலாம். பிரசவ டாக்டரோடு ஆபரேஷன் செய்த சர்ஜனும் அன்றைக்கே பார்க்க வேண்டும்.